ராத்திரிக்கு ஓர் எழுத்து

விழுப்புரம்
6-7-2025

அன்புள்ள கலை,

படிக்கத் தெரியாத ஒருவருக்கு ராத்திரி என்பதை எப்படி எழுதிக் காட்டுவது? போன வாரம் நீ கேட்ட இந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. இருபத்து மூன்று வருடமாகக் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன். தெரியவில்லை என்று எழுதுவதற்கே நான்கு நாள் ஆயிற்று.

நானும் உன் அண்ணனும் சுகம். என் முட்டிவலி வருவதும் போவதுமாக இருக்கிறது. உனக்கும் மாப்பிள்ளை செல்வகுமாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லையே?

சவுரிராயன் விஷயத்தில் நீ உன்னையே குற்றம் சொல்லிக்கொள்வதை நான் ஏற்கவில்லை. தூக்க மாத்திரை கவரில் ‘இரவு’ என்று எழுதினாய். ஆஸ்பத்திரி மருந்து ஜன்னல் வழியாக வாயாலும் சொன்னாய். அவர் அதைக் காலையில் விழுங்கிவிட்டு மொபெட் ஓட்டி, வல்லம் ரோட்டில் விழுந்து தோள்பட்டை எலும்பை உடைத்துக்கொண்டார். பிழைத்தாரே, அதைப் பார். படித்தவர்களும் மாத்திரையை மாற்றிப் போடுகிறார்கள். குறை எழுத்தில்தானா என்று எண்ணிப் பார்க்காமல் நான் நம்ப மாட்டேன்.

கவரில் படம் போடலாம் என்கிறாய். உங்கள் ஆஸ்பத்திரி லேபிள் பிரிண்டர் எழுத்து மட்டும்தான் அடிக்கும், படத்தை ஏற்காது என்றும் நீயே சொல்கிறாய். ஒன்று யோசித்தேன். எது எழுத்து, எது படம் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. இந்தக் கீயை அழுத்தினால் இந்த வடிவம் என்ற பட்டியலுக்குப் பெயர்தான் ஃபான்ட். அந்த வடிவம் ‘அ’வாக இருந்தாலும் ஆட்டுக்குட்டியாக இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். வேண்டிய படங்களை எழுத்தாகவே வரைந்து நாமே ஒரு ஃபான்ட் செய்துவிட்டால் உன் மெஷின் அடித்துத் தள்ளும். நடக்கும் என்று சொல்லவில்லை. நடக்காது என்பதற்குக் காரணம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

இதைப் பற்றிப் போன் பண்ணாதே. மூன்றாவது நிமிடம் நீ அழுவாய், நான்காவது நிமிடம் நான் வைத்துவிடுவேன். எழுதி உன் அண்ணனிடம் கொடுக்கிறேன். அவர் கார்டாகப் போகிற பாசஞ்சர் ரயில் திண்டிவனத்தில் நிற்கிற நேரத்தில் வந்து வாங்கிக்கொள்.

பெருமுக்கல்லில் சௌக்கியம் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
சித்ரா


திண்டிவனம்
15-7-2025

அன்புள்ள அண்ணிக்கு,

கலை எழுதுவது. இங்கே எல்லாரும் நல்லபடி. முட்டிக்கு ஒரு தைலம் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். அலமாரியில் வைத்து அழகு பார்க்காமல் தேய்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தைப் பிளாட்பாரத்திலேயே நின்று படித்தேன். அப்படியே போய் டாக்டர் விருத்தாசலத்திடம் சொன்னேன். “இன்னா கலை, இது ஆஸ்பத்திரியா பால்வாடியா?” என்றார். நான் நகரவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். திங்கள்கிழமை சுகர், பிரஷர் பார்க்க வருகிறவர்களில் படிக்கத் தெரியாதவர்கள் எண்பது பேர். அவர்களுக்கு மட்டும் படம் போட்டுக் கொடுக்கலாம். வரும்போது மீதி மாத்திரையைக் கொண்டுவரச் சொல்லி எண்ண வேண்டும். பிப்ரவரி முதல் திங்கட்கிழமை அவரே எண்ணுவார். எண்பதில் எழுபத்திரண்டு பேராவது சரியாகப் போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் பழையபடி பேனாதான், படம் என்ற பேச்சே எடுக்கக்கூடாது.

அண்ணி, உங்களிடம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்னொரு சவுரிராயன் என் கையால் விழுந்தால் அந்த ஜன்னலில் நான் உட்கார மாட்டேன். பதினான்கு வருட வேலையை விட்டுவிடுவேன். செல்வகுமாரிடமும் சொல்லிவிட்டேன்.

பெருமுக்கல்லில் அம்மா சௌக்கியம். நீங்கள் பெயர் சொல்லிக் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். மூன்று வருடம் முன்பு பாங்கில் அம்மா கைநாட்டு வைத்தபோது, “இந்தக் காலத்திலுமா?” என்று மேனேஜர் எதிரில் கேட்டுவிட்டீர்கள். அன்றிலிருந்து அம்மா விழுப்புரம் வாசலை மிதிக்கவில்லை. நான் அதைக் கிளறவில்லை. ஆனாலும் எழுதிவிட்டேன்.

இப்படிக்கு உங்கள்
கலைப்பிரியா


விழுப்புரம்
3-8-2025

அன்புள்ள கலை,

உன் தைலம் நாற்றமடிக்கிறது, ஆனால் வலிக்குக் கேட்கிறது. உனக்குச் சளி என்று அண்ணன் சொன்னார். ஆவி பிடி.

வேலை முடிந்தது. விண்டோஸுக்குள்ளேயே சொந்த எழுத்து வரைய ஒரு சின்னச் செயலி ஒளிந்திருக்கிறது. கட்டம் போட்ட நோட்டுப் போல ஒரு திரை வரும். எந்தக் கட்டத்தைத் தொடுகிறாயோ அது கறுப்பாகும். அதில் பழகிக்கொண்டு, பிறகு இலவசமாகக் கிடைக்கிற ஒரு ஃபான்ட் செய்கிற செயலியில் ஒழுங்காக வரைந்தேன். எந்த மொழிக்கும் ஒதுக்காத காலி இடங்கள் ஃபான்டில் உண்டு. முதலில் படங்களை அங்கே வைத்தேன். உங்கள் ஆஸ்பத்திரி சாஃப்ட்வேரின் மாதிரியில் போட்டுப் பார்த்தால் வெறும் பெட்டி பெட்டியாக வந்தது. பழைய சரக்கு, அதற்கு அந்த இடங்கள் தெரியவில்லை. அதனால் மருந்துச் சீட்டில் யாரும் தொடாத அடைப்புக்குறிக் கீகளில் கொண்டுவந்து வைத்தேன்.

காலைக்குக் கதிரோடு சூரியன், ராத்திரிக்குப் பிறை. சாப்பிட்ட பிறகு என்பதற்கு ஒரு தட்டு. தட்டைப் பெரிதாகவும், சூரியனையும் பிறையையும் அதன் தலைமாட்டில் சின்னதாகவும் வைத்திருக்கிறேன். எத்தனை மாத்திரையோ அத்தனை புள்ளி. திரையில் மிக நன்றாக இருக்கிறது.

ஒரு கண்டிப்பு. படம் கொடுப்பதற்கு முன்னால், இப்போது எண்பதில் எத்தனை பேர் சரியாகப் போடுகிறார்கள் என்று எண்ணிவிடு. அது இல்லாமல் பிறகு வரும் எண்ணிக்கைக்கு அர்த்தமில்லை.

பாங்க் விஷயத்தைப் பற்றி எழுத எதுவுமில்லை.

அன்புடன்,
சித்ரா


திண்டிவனம்
25-8-2025

அன்புள்ள அண்ணிக்கு,

சளி போயே போய்விட்டது. உங்களுக்குக் கல்லூரியில் பரீட்சைப் பேப்பர் குவிந்திருக்கும், கண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணிவிட்டேன். எண்பதில் முப்பத்தெட்டுப் பேர்தான் சரி. டாக்டரிடம் காட்டினேன், அவர் தாளைத் திருப்பித் தராமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். முப்பது வருடமாக எழுதிக் கொடுத்த சீட்டுகளை நினைத்திருப்பார்.

இன்று முதல் கவர் அடித்தேன். நான் அடைப்புக்குறியைத் தட்டுகிறேன், தட்டு வந்து விழுகிறது. பக்கத்தில் இருந்த ஷிஃபா, போன வருடம் வேலைக்குச் சேர்ந்த பெண், சீட்டைக் கிழித்தெடுத்து எல்லா நர்சுகளுக்கும் காட்டப் போய்விட்டாள். எண்பது பேருக்கும் கொடுத்தாகிவிட்டது. பெருமுக்கல்லிலிருந்து மட்டும் பன்னிரண்டு பேர். கவரை வாங்கிக்கொண்டு எல்லாரும் தலையை ஆட்டினார்கள். இத்தனை நாள் நான் பேனாவால் எழுதிக் கொடுத்தபோதும் இதே மாதிரிதான் ஆட்டினார்கள் என்பது வீட்டுக்கு வந்த பிறகு உறைத்தது.

உங்கள்
கலைப்பிரியா


விழுப்புரம்
28-9-2025

அன்புள்ள கலை,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உன் அண்ணன் தினமும் அந்தப் பக்கம் போய் வருகிறார். கேட்டால், “அது பிஸியா இருக்குது” என்கிறார். இந்த மாதம் பத்து நாள் தொடர்ந்து டபுள் டியூட்டி என்று ராத்திரி வீட்டுக்கே வரவில்லை.

எண்ணிக்கை என்ன ஆயிற்று? குறைவாக இருந்தாலும் எழுது. நல்ல செய்திக்கு நான் காத்திருக்கவில்லை, எண்ணுக்குத்தான் காத்திருக்கிறேன்.

சித்ரா


திண்டிவனம்
12-10-2025

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

நாற்பத்தொன்று. எண்பதில் நாற்பத்தொரு பேர். மூன்றுதான் கூடியிருக்கிறது.

இது மட்டுமென்றால் முன்னமே எழுதியிருப்பேன். செப்டம்பர் எட்டாம் தேதி விடியற்காலை, பெருமுக்கல் பக்கம் ஒரு அம்மா மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே, மயங்கி விழுந்துவிட்டார். எழுபது வயது. சுகர் ரொம்ப இறங்கியிருந்தது. களை எடுக்க வந்தவர்கள் பார்த்ததால் பிழைத்தார். பத்து நாள் எங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தார். இப்போது எழுந்து நடமாடுகிறார், பயமில்லை.

விசாரித்தால், காலை மாத்திரையையும் ராத்திரி மாத்திரையையும் தினமும் ஒன்றாகச் சேர்த்து ராத்திரியில் விழுங்கியிருக்கிறார். ஏன் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“தட்டு போட்டுக்கீது. நான் தட்டுல துன்றது ராவுல மட்டுந்தான். காலைல கேப்பைக் கூழு, சொம்புல ஊத்திக் குடிச்சிட்டு கொல்லைக்குப் போறவ நான். என் வூட்ல மெட்ராஸ் தட்டுல காலைல எவ துன்றா? சரி, படம் போட்டவ படிச்சவளாச்சேன்னு அது சொன்னபடிதான் செஞ்சேன்.”

சூரியன் எங்கே என்று கேட்டால், “இன்னா சூரியன்? ஒரு கறுப்புப் பொட்டு இருந்துச்சி” என்றார். சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்களே பாருங்கள்.

கலைப்பிரியா


விழுப்புரம்
16-10-2025

கலை,

பார்த்தேன். பொட்டுதான். சூரியனும் பொட்டு, பிறையும் பொட்டு. சூடு வைத்து அடிக்கிற மெஷினில் மெல்லிய கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்று தெரிந்திருக்க வேண்டும். நான் திரையில் நாலு மடங்கு பெரிதாக்கிப் பார்த்து ரசித்தேன். ஒரு முறைகூடத் தாளில் அடித்துப் பார்க்கவில்லை. மாணவர்கள் இப்படிச் செய்தால் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

தட்டு என் வீட்டுத் தட்டு. பார்த்து வரைந்தேன்.

அந்த அம்மா படத்தைத் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. சொன்னபடி செய்திருக்கிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இதை நிறுத்திவிடு. என்னிடமிருந்த ஃபைலை அழித்துவிட்டேன். பேனாவால் எழுதிக் கொடுப்பது இதைவிட ஆபத்தில்லை. அந்த அம்மாவின் பெயர் என்ன, எந்தத் தெரு என்று எழுது. ஆஸ்பத்திரிச் செலவு இருக்குமானால் நான் கொடுக்க வேண்டும்.

சித்ரா


திண்டிவனம்
2-11-2025

அன்புள்ள அண்ணிக்கு,

தீபாவளிக்கு நீங்கள் இரண்டு பேரும் எங்கேயும் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். பலகாரம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அண்ணன் வண்டியிலேயே தின்று தீர்க்காமல் இருந்தால் உங்களுக்கும் கிடைக்கும். தைலம் தீர்ந்துவிட்டதா?

நிறுத்த முடியாது அண்ணி. உங்களிடம் ஃபைல் அழிந்தால் என்ன, எங்கள் கம்ப்யூட்டரில் ஃபான்ட் அப்படியே இருக்கிறது. அந்த அம்மா விழுந்த அன்றைக்கே ராஜினாமா எழுதி வெள்ளைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேன். அந்த அம்மாவே அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டார். ஏன் என்று பிறகு சொல்கிறேன். இப்போது நன்றாக இருக்கிறார். செலவு ஒன்றுமில்லை.

நீங்கள் எப்போதும் எண்ணச் சொல்வீர்கள். எண்ணினேன். மூன்று திங்கட்கிழமை ஜன்னலை ஷிஃபாவிடம் விட்டுவிட்டு வரிசையிலேயே உட்கார்ந்து எண்பது பேரிடமும் கேட்டேன். “பொழுது போனா மொதல்ல இன்னா பண்ணுவீங்க?” ஒருத்தர்கூட நிலாவைப் பார்ப்பேன் என்று சொல்லவில்லை. அறுபத்திரண்டு பேர் கொசுவத்தி ஏற்றுவேன் என்றார்கள். பதினோரு பேர் டிவி. ஆறு பேர் கதவைத் தாழ் போடுவேன் என்றார்கள். மகள் வீட்டுக்குக் கோட்டக்குப்பத்திலிருந்து வந்திருக்கிற குல்சும் பீவி மட்டும், துபாயில் இருக்கிற மகனோடு வீடியோவில் பேசுவேன் என்றார். “அவனுக்குக் கொசு இல்லம்மா, எனக்குத்தான்” என்று சொல்லிச் சிரித்தார்.

காலையில் முதலில் கையில் எடுப்பது டீ கிளாஸ், எழுபத்தொரு பேர். கூழெல்லாம் அதற்குப் பிறகுதான். மத்தியான மாத்திரை உள்ளவர்கள் பத்தொன்பது பேர்தான், அத்தனை பேரும் வேலைக்குச் சோற்றுத் தூக்கு எடுத்துப் போகிறவர்கள்.

டீ கிளாஸ், தூக்கு, கொசுவத்தி. வரைந்து கொடுங்கள்.

உங்கள்
கலைப்பிரியா


விழுப்புரம்
23-11-2025

அன்புள்ள கலை,

பலகாரத்தில் பாதி வந்து சேர்ந்தது. இருவரும் சுகமே. மழையில் நீ நனைந்துகொண்டே ஸ்டேஷனுக்கு வருவதாகக் கேள்வி. ஒரு குடை வாங்கிக்கொள்.

முதலில் உன்மேல் கோபம் வந்தது. சூரியனையும் சந்திரனையும் விட்டுவிட்டுக் கொசுவத்தி வரைய வேண்டுமா என்று மூன்று நாள் கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. நான்காம் நாள் சாயங்காலம் நானே எழுந்து போய் அதைத்தான் ஏற்றினேன். ஏற்றிவிட்டு உட்கார்ந்து வரைந்தேன்.

இந்தத் தடவை தாளில் ஆரம்பித்தேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் விலைச் சீட்டு அடிக்க உங்களுடையதைப் போலவே ஒரு மெஷின் இருக்கிறது. முதலாளியிடம் கேட்டு, கடை திறக்கும் நேரத்தில் தினமும் போய் அடித்துப் பார்த்தேன். கோடு மூன்று புள்ளிக்குக் குறைந்தால் அறுந்துபோகிறது. இரண்டு கோட்டுக்கு நடுவில் மூன்று புள்ளி இடம் விடாவிட்டால் ஒட்டிக்கொள்கிறது. அதனால் கொசுவத்திக்கு மூன்றே சுற்று. பதினேழு தடவை அடித்தேன். தூரத்தில் வைத்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். கீகளை மாற்றவில்லை, உன் விரலுக்குப் பழகியவைதான்.

அந்த அம்மா யார் என்று இனிக் கேட்க மாட்டேன். கல்யாணமாகி வந்தபோது நான் கொண்டுவந்த குழித்தட்டை ‘மெட்ராஸ் தட்டு’ என்று சொன்ன ஒரே ஒருவரை எனக்குத் தெரியும். ரயில்வேயில் பத்து நாள் டபுள் டியூட்டி கிடையாது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் அப்போது கேட்காமல் இருந்தேன்.

சித்ரா


திண்டிவனம்
14-12-2025

அன்புள்ள அண்ணிக்கு,

குடை வாங்கிவிட்டேன், முட்டி எப்படி?

ஆமாம், அம்மாதான். அண்ணனை ஒன்றும் சொல்லாதீர்கள். உங்களிடம் சொல்லக்கூடாது என்று எங்கள் இரண்டு பேர் வாயையும் கட்டிப்போட்டது அம்மா. அது உங்கள்மேல் இருக்கிற கோபத்தில்தான் என்று நானும் முதலில் நினைத்தேன். இல்லை. குளுகோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது என் ராஜினாமாவைப் பிடுங்கிக் கசக்கிப் போட்டுவிட்டுச் சொன்னது:

“அவளாண்ட சொல்லாத. சொன்னா படம் போடறத வுட்டுடுவா. நீ வேலைய வுடு, அவ படத்த வுடட்டும். அப்பறம் நான் இன்னாத்தப் பாத்து மாத்திரை துன்றது?”

முதன்முதலாக ஒரு காகிதம் தன்னிடம் நேராகப் பேசியது என்று அம்மா நினைத்திருக்கிறது, அண்ணி. தப்பாகத்தான் பேசியது, ஆனாலும் பேசியது.

இனி வேடிக்கை. புதுப் படத்தைப் பத்துப் பேரிடம் காட்டினேன். டீ கிளாஸைப் பார்த்ததும் சொல்லிவிட்டார்கள். கொசுவத்தியைப் பார்த்து நான்கு பேர் ஜிலேபி என்றார்கள். குல்சும் பீவிக்கு அப்படி ஒரு சந்தோஷம். “சுகருக்கு ராத்திரி ஜிலேபி குடுக்கற டாக்டர இப்பத்தாம்மா பாக்கறேன்” என்று வரிசை முழுக்கச் சொல்லிவிட்டார். கொசுவத்திக்கு அடியில் தகர ஸ்டாண்டும் நுனியில் புகையும் வேண்டும்.

ஜனவரி ஐந்தாம் தேதியிலிருந்து புதுக் கவர். பிப்ரவரி இரண்டு டாக்டர் எண்ணுகிற நாள். அந்த நேரம் பார்த்து என்னைச் சென்னைக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள், இரண்டு வாரம். ஜன்னலில் ஷிஃபா இருப்பாள். கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் அவளுக்குத் தெரியாது. நீங்கள் வர வேண்டும். அன்றைக்கு அம்மாவும் வரும்.

உங்கள்
கலைப்பிரியா


விழுப்புரம்
21-12-2025

அன்புள்ள கலை,

முட்டி பரவாயில்லை. ஸ்டாண்டு போட்டுவிட்டேன், புகையும் போட்டுவிட்டேன். புகை இரண்டு வளைவு. தெருவில் ஆறு பேரிடம் காட்டினேன், ஆறு பேரும் கொசுவத்தி என்றார்கள். ஆறு என்பது போதாது. ஃபைல் இத்துடன் இருக்கிற பென் டிரைவில்.

பிப்ரவரி இரண்டு கல்லூரி வேலை நாள். வருவேன் என்று சொல்ல முடியாது.

சித்ரா


விழுப்புரம்
1-2-2026, ஞாயிறு

அன்புள்ள கலை,

சென்னைச் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்கிறதா? நீ சனிக்கிழமை திரும்பி வரும்போது இந்தக் கடிதம் உன் மேசை டிராயரில் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அப்படியென்றால் நாளை நான் திண்டிவனம் போகிறேன் என்று அர்த்தம். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாது. ஷிஃபா நடுவில் அனுப்பிய எண்ணிக்கைகளை வைத்துக் கணக்குப் போட்டால் அறுபத்தைந்து வருகிறது. டாக்டர் கேட்பது எழுபத்திரண்டு. தோற்றால் நீ வேலையை விடுவாய். உன் அம்மா சொல்லியும் கேட்கமாட்டாய், எனக்குத் தெரியும். அவர் எதிரில் பேசுவதற்கென்று நாலு வாக்கியம் யோசித்தேன். நாலும் கடிதத்தில்தான் நன்றாக இருக்கும்.

மீதியை நாளை எழுதுகிறேன்.


திண்டிவனம், உன் மேசை
2-2-2026, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எட்டு மணிக்கு வந்துவிட்டேன். ஷிஃபா எனக்கு உன் நாற்காலியைக் கொடுத்தாள். டாக்டர் விருத்தாசலம் ஜன்னலுக்கு வெளியே ஒரு ஸ்டூலைப் போட்டு, மடியில் எவர்சில்வர் தாம்பாளத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொருவரும் மீதி மாத்திரையைத் தாம்பாளத்தில் கொட்ட வேண்டும். அவர் எண்ணிச் சொல்லச் சொல்ல ஷிஃபா எழுதினாள். 

முதல் பத்துப் பேரில் பத்தும் சரி. எனக்கு நம்பிக்கை வரவில்லை. பத்து என்பது போதாது. பதினான்காவதாக சவுரிராயன் வந்தார். மீதி ஒரு மாத்திரை இருக்க வேண்டும், ஒன்றுதான் இருந்தது. தோளைத் தடவிக்கொண்டே, “கொசுவத்தி ஏத்துனாத்தான் மாத்திரை. என் பொண்டாட்டி ரெண்டையும் ஒரே டப்பால வச்சிட்டா” என்றார். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். இரண்டையும் தனியாக வைக்கும்படி கண்டித்துவிட்டு, சரி என்று எழுதச் சொன்னார்.

பதினோரு மணிக்கு நாற்பதில் முப்பத்தெட்டு. அப்போதுதான் பெருமுக்கல் பஸ் வந்தது.

அத்தை என்னைப் பார்த்தார். பார்க்காத மாதிரி வரிசையில் நின்றார். இளைத்திருக்கிறார். நெற்றியில், அன்று கொல்லையில் விழுந்ததன் தழும்பு இருக்கிறது. முறை வந்ததும் தாம்பாளத்தில் கொட்டினார். ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. “எப்பிடிம்மா போட்டீங்க?” என்று டாக்டர் கேட்டார். அத்தை கவரை எடுத்து, எழுத்துக்கு எழுத்து விரலை வைத்து வாசித்தார்: “டீ கிளாசு, ஒண்ணு. தூக்கு, இல்ல. கொசுவத்தி, ஒண்ணு.”

அவருக்குப் பின்னால் நின்ற பெண், “எனுதும் படிச்சிச் சொல்லு அம்சாக்கா” என்று தன் கவரை நீட்டினாள். அவளுக்குத் தன்னுடையது தெரியும், கேட்டுப் பார்க்கத்தான் நீட்டினாள் என்று நினைக்கிறேன். அதையும் வாசித்தார். மூன்று பேர் நீட்டினார்கள், மூன்றையும் வாசித்தார். டாக்டர் காத்திருந்தார்.

பிறகு ஜன்னலுக்கு வந்தார். மூன்று வருடத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு இது:

“தூக்குக்கு மூடி இல்ல.”

எனக்குப் புரியவில்லை.

“மூடி இல்லாத தூக்க எவ கொல்லைக்கு எடுத்துக்கினு போவா? எறும்பு மொச்சிக்கும். போடு.”

மருந்து வாங்கியதற்கு ரிஜிஸ்தரில் அடையாளம் வைக்க வேண்டும். நான் யோசித்து வைத்திருந்த நாலு வாக்கியத்தில் ஒன்றுகூட வரவில்லை. மை பேடைத் திறந்து அவர் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தேன், பேடை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கட்டைவிரலை அழுத்தமாக மையில் வைத்து, ரிஜிஸ்தரில் வைத்தார். விரலைத் துடைக்கத் துணி தேடினேன். என் முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

வரிசையை ஷிஃபாவின் பக்கம் விட்டுவிட்டு ஃபான்ட் ஃபைலைத் திறந்தேன். அத்தை உள்ளே வந்து என் நாற்காலியின் பின்னால் நின்றுகொண்டார். தூக்கின் தலையில் கட்டங்களைக் கறுப்பாக்கினேன். “இன்னும் கொஞ்சம் மேல,” என்றார். “ஆங். அதுக்கு மேல ஒரு குமிழு. புடிச்சித் தொறக்க வாணாமா?” குமிழும் வைத்தேன். மூன்று புள்ளிக்குக் குறையாமல்.

ஒன்றரை மணிக்கு எண்ணி முடித்தார்கள். எண்பதில் எழுபத்தாறு. நான் ஷிஃபாவின் தாளை வாங்கி மறுபடி கூட்டினேன். எழுபத்தாறுதான். மீதி நான்கில் ஒருவர் தன் மாத்திரையை மச்சினனுக்கும் கொடுத்திருக்கிறார், அதற்குப் படம் பொறுப்பில்லை. டாக்டர் தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, அடுத்த திங்களிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வருகிற எல்லாருக்கும், படித்தவர்களுக்கும் சேர்த்து, இந்தக் கவர்தான் என்று சொன்னார். உள்ளே போகும்போது திரும்பி, “கலை வந்தா என்னை வந்து பாக்கச் சொல்லுங்க. பால்வாடின்னு சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன்” என்றார். உன் நாற்காலி உனக்குத்தான்.

மத்தியான மாத்திரை உள்ள ஒரு பெண்ணுக்குப் புதுச் சீட்டை அடித்தோம். மெஷினிலிருந்து அது வெளியே வருவதற்குள் அத்தை கிழித்து எடுத்துவிட்டார். கையை நீட்டி எட்ட வைத்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார். யார் வரைந்தது என்று அந்தப் பெண் கேட்டாள். “எம் மருமவ,” என்றார் அத்தை, ஏதோ தினமும் சொல்கிற மாதிரி. பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, வெளியே நின்றவர்களுக்குச் சொன்னார்:

“மூடி வந்துடுச்சி.”

நான்கு மணி பஸ்ஸில் அவரோடு பெருமுக்கல் போகிறேன். உன் அண்ணனுக்குச் சொல்லிவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

சித்ரா